கண்ணாடிக் கோப்பையில் ஒரு நத்தை

அந்தப் படத்தை நான் போட்டது வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பதிமூன்றுக்கு. பெருமை தாங்கவில்லை, போட்டுவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

எனக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, துண்டு, மேஜைத்துணி, சமையல்காரர்களின் வெள்ளைச் சட்டை எல்லாம் அழுக்காக எங்களிடம் இறங்கி வந்து, மொடமொடவென்று மடிப்போடு மேலே போகும். அதே ஹோட்டலின் மாடியில் இருக்கும் பாரில் என் தம்பி பானம் கலக்கிறவன். மூன்று மாதம் மூடிக் கிடந்த பார், புது மரமும் புது விளக்குமாக அன்று மாலை ஆறு மணிக்குத் திறக்க இருந்தது. காலையில் மேஜைத்துணி கொண்டுபோனபோது புதிதாக அச்சடித்த மெனு அட்டையைப் பார்த்தேன். முதல் வரியிலேயே, தங்க எழுத்தில், தம்பியின் பானம்: ‘நத்தை’. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘கடைசியில் ஓடி முதலில் வந்தவருக்கு’.

நத்தை என்பது ஓர் ஓட்டக்காரியின் பட்டப்பெயர். ஐயாயிரம் மீட்டர் ஓட்டம் அவளுடையது. பன்னிரண்டரைச் சுற்றில் முதல் பதினோரு சுற்றும் எல்லோருக்கும் பின்னால், ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி ஓடிக்கொண்டிருப்பாள். கடைசியில் ஒவ்வொருவராகத் தாண்டி முதலில் போய் நிற்பாள். வானொலியில் வர்ணனை சொன்ன ஒருவர் கிண்டலாக வைத்த பெயர் அது. அவள் ஜெயிக்க ஜெயிக்கக் கிண்டல் செல்லமாகிவிட்டது. நாடே அவளை அப்படித்தான் கூப்பிட்டது.

ஓய்வு பெற்று நாலு வருடமான பிறகு, அவள் எங்கள் பக்கம் குடிவந்து, பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் சிறுமிகளுக்கு ஓட்ட வகுப்பு தொடங்குவதாக அறிவித்தாள். ஞாயிறு காலை முதல் வகுப்பு. என் மகள் உட்பட இருபத்திரண்டு பெண் குழந்தைகள் சேர்ந்திருந்தார்கள். பெற்றோருக்கென்று போனில் ஒரு குழு. அந்தக் குழுவில்தான் நான் மெனு அட்டையின் படத்தைப் போட்டேன்.

“நம்ம மிஸ் பேருல என் தம்பி செஞ்ச டிரிங்க்! இன்னிக்கு சாயங்காலம் திறப்பு விழா!” என்று எழுதி, மூன்று இதயம், ஒரு கைதட்டல். வேறு யாரும் தட்டுவதற்கு முன்னால் நானே தட்டிக்கொண்டேன்.

முதல் பதில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடமிருந்து வந்தது. அவருடைய மகளும் என் மகளும் பள்ளியில் ஒரே வகுப்பு.

“இது மதுவா?”

“ஆமா சார், ஆனா ரொம்ப லைட்தான்” என்று நான் வெள்ளந்தியாகப் பதில் போட்டேன்.

அதற்குப் பிறகு போன் என் மேலங்கிப் பையில் நண்டு மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது. ‘எங்க பொண்ணு வரமாட்டா.’ ‘ஓடக் கத்துத்தரேன்னு சொல்லிட்டு பாருக்கு விளம்பரமா?’ ‘அவங்களே கேட்டு வெச்சிருப்பாங்க, இல்லாம எப்படி?’ நான் இஸ்திரி இயந்திரத்தின் ஆவியில் நின்று, ஒன்றும் புரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. படத்தை நீக்கினேன். உடனே என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“அந்தப் படத்தை எடுத்துத் தொலை.”

“எடுத்துட்டேங்க.”

“எப்போ?”

“இப்பத்தான்.”

“இப்பத்தானா? என் பக்கத்து சீட்டுக்காரர் எனக்கே அனுப்பி, ‘இது உங்க மச்சானா’ன்னு கேட்டாச்சு.”

மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் ஓட்ட வகுப்பிலிருந்து மகளின் பெயரை எடுத்துவிட்டார்கள். மிச்சம் பதின்மூன்று. இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மைதானக் குழு அவளுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: முதல் நாள் பதினைந்து குழந்தைகளாவது வரவேண்டும், இல்லாவிட்டால் மைதானம் கார் ஓட்டப் பழக்கும் பள்ளிக்குப் போய்விடும். இதை அவளே எங்களிடம் சொல்லி, ‘எல்லாரும் வந்துடுங்க’ என்று கேட்டிருந்தாள். ஓடிச் சம்பாதித்த பெயரை நம்பி அவள் வைத்த கடைசிப் பந்தயம் அது. நான் குறுக்கே காலை நீட்டி இடறிவிட்டேன்.

நாலு மணிக்கு நாப்கின் வண்டியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனேன். தம்பி பானம் ஊற்றும் மேடைக்குப் பின்னால் நின்று எலுமிச்சைத் தோலை நாடா நாடாவாகச் சீவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் கை நின்றது.

“அக்கா, உன் வாயை மூடினாலும் விரலை மூட முடியாதா?”

“உனக்காகத்தானேடா போட்டேன்!”

“எனக்காகத்தான். அதான் பயமா இருக்கு.”

அவனுக்கு முப்பத்து நாலு வயது. இதுவரை பெண் பார்த்த மூன்று இடங்களிலும் ஐஸ் எப்படி உறைகிறது என்பதைப் பற்றியே பேசிவிட்டு வந்தவன். அவன் வாழ்க்கையில் அவன் பெருமைப்படுகிற ஒரே ஒரு பொருள் இந்த நத்தைதான். அது பிறந்த கதை எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அங்கே இருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், நான் ஏழு மாதக் கர்ப்பிணி. கால் வீங்கி, எது சாப்பிட்டாலும் திரும்பி வரும். வேலைக்கு நடுவில் தம்பி என்னைப் பாரின் சரக்கறையில் உட்காரவைத்து, சோடாப் பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்துவிட்டுப் பழைய டிவியைப் போட்டான். ஓட்டப்பந்தயம். ஒரு ஒல்லிப் பெண் எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். “பாவம்டா, அந்தப் பொண்ணை யாராவது வீட்டுக்கு அனுப்புங்களேன்” என்றேன். கடைசிச் சுற்றில் அவள் ஒருத்தியைத் தாண்டினாள். அடுத்து இன்னொருத்தியை. தம்பி எழுந்து நின்றான். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவள் முதலில் போய் விழுந்தபோது என் வயிற்றுக்குள் குழந்தை ஓங்கி ஓர் உதை விட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, சிவப்பாக எதையோ புட்டியிலிருந்து குடித்தாள்.

அந்தச் சிவப்பைத் தேடித் தம்பி ஒரு மாதம் அலைந்தான். கடைசியில் மாதுளைச் சாறு என்று முடிவுகட்டி, எலுமிச்சை சேர்த்து, எனக்குத்தான் முதல் கோப்பையைக் கொடுத்தான். அதில் ஒரு வித்தை வைத்திருந்தான். எந்தப் பானமும் ஐஸ் கரையக் கரைய நீர்த்துப்போகும். இவன் இஞ்சிச் சாறும் தேனும் மிளகும் சேர்த்துக் காய்ச்சி, அதையே உருண்டையாக உறையவைத்துக் கோப்பையின் அடியில் போட்டிருந்தான். முதல் நாலைந்து வாய் ஏதோ சாறு மாதிரி இருக்கும். உருண்டை கரையக் கரைய இஞ்சி ஏறும். கடைசி வாயில் நெஞ்சு வரை பற்றிக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் என் வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான்.

பிறகு அதை மெனுவில் சேர்க்கக் கேட்டபோது மேனேஜர், “பார்ல உட்கார்ந்து எவன் சாறு குடிப்பான்? ஏதாவது ஊத்துப்பா” என்றார். தம்பி வெள்ளை ரம் ஊற்றினான். நத்தை ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நாப்கின்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

“ஆறு மணிக்குத்தாங்க திறப்போம்” என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே திரும்பினார். திரும்பியவர் அப்படியே மலர்ந்தார். “அடடா! நீங்களா! வாங்க, வாங்க! போட்டோக்காரர் அஞ்சு மணிக்குத்தான் வருவார்…”

டிவியில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தாள். கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். தம்பியின் கையிலிருந்த தோல் சீவி நழுவித் தொட்டியில் விழுந்தது.

“நான் விழாவுக்கு வரல சார்” என்றாள் அவள். “பேரை எடுக்கச் சொல்ல வந்தேன்.”

மேனேஜரின் முகம் சுருங்கியது. “மேடம், அது உங்களுக்கு மரியாதை…”

“ஒன்பது வருஷமா என்னைக் கேட்காமலே என்னைக் குடிச்சிட்டிருக்கீங்க. நானும் கேள்விப்பட்டு விட்டுட்டேன். நத்தைன்னு கூப்பிடறதுக்கே கோவிச்சுக்காதவ, இதுக்கா கோவிச்சுக்கப் போறேன்? ஆனா இன்னிக்குக் காலையில ஒன்பது குழந்தைங்க போயிட்டாங்க. இந்தப் போட்டோவை யாரோ ஒரு புண்ணியவதி குரூப்ல போட்டிருக்காங்க.”

நான் நாப்கின் அடுக்குக்குப் பின்னால் முடிந்தவரை குனிந்தேன். என் உடம்புக்கு அந்த அடுக்கு போதவில்லை.

“நான்தான் அந்தப் புண்ணியவதி” என்றேன்.

அவள் என்னையும் என் மேலங்கியையும் ஒரு நிமிடம் பார்த்தாள். “கைதட்டல் போட்டீங்களே, அவங்களா?”

“மன்னிச்சிரும்மா. பெருமையில போட்டுட்டேன்.”

“கார்டெல்லாம் அச்சடிச்சாச்சு மேடம்” என்று மேனேஜர் இடையில் நுழைந்தார். “தங்க எழுத்து. இன்னும் ரெண்டு மணி நேரத்துல நூறு பேர் வர்றாங்க.”

“எடுத்துடறேன்” என்றான் தம்பி.

மூவரும் திரும்பிப் பார்த்தோம். அவன் அட்டைக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து, முதல் அட்டையின் முதல் வரியை அடித்தான். அடுத்த அட்டை. அதற்கடுத்தது. தலை நிமிரவில்லை. “அவங்க பேர். அவங்க வேணாங்கறாங்க. இதுல பேச என்ன இருக்கு சார்?”

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போனால் எப்படியிருக்கும்? அவள் உயரமான நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். பத்துப் பதினைந்து அட்டைகள் வரை அவன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுல அப்படி என்னதான் இருக்கு?”

“நீங்க குடிக்கறதில்லன்னு தெரியும். ரம் இல்லாம ஒண்ணு போடட்டுமா?”

“ரம் இல்லாம நல்லா இருக்குமா?”

“இருக்கும்” என்று நான் முந்திக்கொண்டேன்.

அவன் உறைபெட்டியிலிருந்து மங்கலான மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்தான். கோப்பையில் அது விழுந்த ஓசை கேட்டது. மேலே சாறு. அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“ஏன் சிவப்பு?”

“அன்னிக்கு ஓடி முடிச்சதும் நீங்க சிவப்பா குடிச்சீங்களே. மாதுளைதானே?”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

“அது தண்ணிங்க! வெறும் தண்ணி! புட்டிதான் சிவப்பு பிளாஸ்டிக்கு!”

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பியின் காது இரண்டும் மாதுளை நிறத்துக்குப் போயின. “ஒன்பது வருஷமா உரிச்சிருக்கேன்” என்றான் பரிதாபமாக. “தண்ணிக்கா?”

“எவ்வளவு பழம் இருக்கும்?”

“கேட்காதீங்க.”

சிரிப்போடு சிரிப்பாக அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். பாதிக் கோப்பைக்கு மேல் சிரிப்பு குறைந்தது. கோப்பையை வெளிச்சத்தில் தூக்கி, அடியில் சிறுத்துக்கொண்டிருந்த உருண்டையைப் பார்த்தாள். இன்னொரு வாய். இன்னொன்று. கடைசி வாயில் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கையை வைத்தாள்.



“இதை உங்களுக்கு யார் சொன்னா?” என்றாள்.

“எதை?”

“எல்லாரும் அது தந்திரம்னு எழுதினாங்க. வேணும்னே பின்னால ஓடறா, ஏமாத்தறான்னு. எனக்கு உடம்பு சூடாகவே பதினோரு சுத்து ஆகும், அவ்வளவுதான். அதுவரைக்கும் எவ்வளவு தள்ளினாலும் கால் கேட்காது. அப்புறம் இங்க…” நெஞ்சைத் தொட்டாள். “…இப்படித்தான் பத்திக்கும். நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“டிவியில பார்த்தேன்” என்றான் தம்பி. “உங்க முகத்துல தெரிஞ்சுது.”

முப்பத்து நாலு வருடத்தில் என் தம்பி ஒரு பெண்ணிடம் ஐஸைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“இதோ பாருங்க, இது பொறந்தப்போ இதுல ரம்மே கிடையாது. ஏழு மாச வயித்தோட நான் குடிச்சது. என் பொண்ணே இதைக் குடிச்சு வளர்ந்தவதான். பேரு இதுக்கு வெச்சது. ரம்தான் நடுவுல வந்து ஒட்டிக்கிச்சு.”

“அப்ப ரம் போட்டதுக்கு வேற பேர் வைங்களேன்” என்றாள் அவள். “இதுக்கு…” காலிக் கோப்பையை விரலால் சுழற்றினாள். “இதுக்கு என் பேர் இருக்கட்டும். சொட்டு மது கூடாது. எந்த நாளும்.”

“சத்தியமா” என்றான் தம்பி.

“யம்மா, எவன் சாறு…” என்று மேனேஜர் தொடங்கினார்.

“சார், ரம் போட்டதுக்கு ‘அலாரம்’னு வைக்கலாம்” என்றேன். “குடிச்சா எழுப்பிவிடும்.”

“அலாரமா? அது என்ன பேரு?”

“உங்க பேர்தான் சார். ஸ்டாஃப் எல்லாரும் உங்களை அப்படித்தான் கூப்பிடறோம்.” வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது, விரல் மட்டுமில்லை என் பிரச்சினை என்று.

மேனேஜர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “முதல் வரியிலயா வரும்?” என்றார்.

அன்று மாலை நூறு அட்டைகளில் அடித்த தங்க எழுத்துக்கு மேலே தம்பியின் கையெழுத்தில் ‘அலாரம்’ இருந்தது. கடைசி வரியில், மதுவில்லாத பானங்களுக்குக் கீழே, ‘நத்தை’. கடைசியில் இருப்பதுதான் அதற்குப் பொருத்தம் என்றான் அவன்.

ஆனால் பாரில் நடந்தது பெற்றோர் குழுவில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். கைதட்டல் போட வேண்டாம் என்றார். தப்பு என்னுடையது, மிஸ்ஸுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, அவர் நேரில் வந்து மதுவை நீக்கச் சொல்லி நீக்கியாகிவிட்டது, ஞாயிறு காலை மைதானத்துக்கு வந்து அந்தப் பானத்தை நீங்களே குடித்துப் பாருங்கள் என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் படித்துவிட்டார் என்று காட்டியது.

ஞாயிறு காலை ஆறரை மணி. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஈரமாக இருந்தது. தம்பி ஐஸ் பெட்டியையும் மூன்று பெரிய ஜாடிகளையும் ஒரு பெஞ்சில் இறக்கினான். மைதானக் குழுவின் செயலாளர் கையில் நோட்டுடன் நின்றிருந்தார். கார் பள்ளிக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

என் மகளோடு பதின்மூன்று பேர் வந்தார்கள். ஆறே முக்காலுக்கு ஒரு பெண்ணும் அம்மாவும் ஓட்டமாக ஓடி வந்தார்கள். பதினாலு. “ஏழு மணிக்கு எண்ணிடுவேன்மா” என்றார் செயலாளர்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியிலேயே நின்றார். நான் ஓடிப்போய் இழுத்து வரலாமென்று கிளம்பினேன். நத்தை என் முழங்கையைப் பிடித்தாள்.

“விடுங்கக்கா. அவருக்குச் சூடாகட்டும்.”

தம்பிதான் போனான். ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். அவர் முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, ‘இதுக்கா இவ்வளவு?’ என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டாவது வாய். மூன்றாவது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரர் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசி வாயைக் குடித்தார். குடித்தவர் இருமினார். கண்ணில் நீர் வர, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னங்க இது, இப்படி ஏறுது!”

“இஞ்சிங்க. வெறும் இஞ்சி.”

“இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?”

“அடியில.”

அவர் சிரித்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் மகளின் கையை எப்போதோ விட்டிருந்தார். அவள் அதற்குள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்து, வரிசையில் கடைசியாக நின்றுகொண்டாள்.

“பதினஞ்சு” என்றார் செயலாளர், நோட்டில் எழுதிக்கொண்டே. வேலிக்கு வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

நத்தை விசில் ஊதினாள். பதினைந்து பேரும் ஓடினார்கள். என் மகள் முதல் சுற்றிலேயே எல்லோருக்கும் பின்னால் போய்விட்டாள். “ஓடுடி!” என்று கத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது நத்தை பெஞ்சருகே நின்று தன் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிறம் வெளுத்து, மூடி கீறிப்போன ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் புட்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

“இதுல ஊத்திக் கொடுங்க. மாதுளை உரிக்க வேணாம், எந்த நிறமா இருந்தாலும் சிவப்பாத்தான் தெரியும்.”

“உரிச்சாச்சு” என்றான் அவன். “அடுத்த ஞாயிறுக்கும் சேர்த்து.”

“அடுத்த ஞாயிறு நான் கூப்பிடவே இல்லையே?”

“இன்னிக்கும் நீங்க கூப்பிடல. அக்காதான் கூப்பிட்டா.”

அவள் சிரித்தாள். அவன் புட்டியில் ஊற்றினான். பதினாறு வருடமாக ஒரு சொட்டுச் சிந்தாதவன் ஷூவின் மேல் ஊற்றிவிட்டான். அவள் ஷூவின் மேல். இளவெயில் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. அப்படி ஒரு படம் மறுபடி கிடைக்காது.

என் கை தானாகப் பையிலிருந்த போனைத் தேடிப் போயிற்று. எடுத்தேன். அவர்களைப் பார்த்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, என் மகள் எந்தச் சுற்றில் இருக்கிறாள் என்று பார்க்கப் போனேன்.